அந்தச் செங்குத்துக்கோடு எங்கிருந்து வந்தது?

பத்தாவது கணக்குக் கைடு எதையாவது எடுத்து வடிவியல் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். விடையின் முதல் வரியிலேயே "உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்து வரைக" என்று இருக்கும். அப்புறம் எல்லாம் சுலபம்தான். பிதாகரஸ், ஒரு கழித்தல், முடிந்தது. அந்தக் கோட்டை ஏன் வரைந்தார்கள், வரையலாம் என்று எப்படித் தோன்றியது என்று மட்டும் கைடு மூச்சு விடாது. அதைச் சொல்லாத வரைக்கும் அது விடைதான், சொல்லிக்கொடுத்தது ஆகாது என்பது என் கட்சி.

நான் டீச்சர் இல்லை. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஊத்துக்குளிக்குப் பக்கத்தில். சாயந்திரம் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் திண்ணையில் ஆள் சேர்ந்துவிடும். பத்தாவது படிக்கிற என் மகள், ஒன்பதாவது படிக்கிற அண்ணன் மகன், அப்புறம் எதிர்வீட்டுப் பையன், அவனும் பத்தாவது. அவனுக்கும் நான் அத்தைதான். எங்கள் பக்கம் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்குவதில்லை, அதனால் யாருக்கும் என்னிடம் பயமும் இல்லை.

பொதுத்தேர்வில் கணக்குக்கு 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 10 எழுத வேண்டும். கடைசியில் வரைவதற்கு எட்டு மார்க்கில் இரண்டு. ஐந்து மார்க் பகுதி மட்டுமே பாதிப் பேப்பர். அங்கே விடை தப்பிப்போனாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் ஸ்டெப்பை மனப்பாடம் செய்கிறார்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தால் சமாளித்துவிடுவார்கள். படத்தைத் திருப்பி வைத்தால் போச்சு.

எதிர்வீட்டுப் பையன் கொண்டுவந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். செவ்வகத் தோட்டம் ஒன்று. நீளம் அகலத்தைவிட 20 மீட்டர் அதிகம். பரப்பு 2400 சதுர மீட்டர். நீளம், அகலம் என்ன? (எங்கள் கணக்கில் ஏறக்குறைய 59 செண்ட். செண்ட் என்று சொன்னால்தான் இந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.) புத்தகத்தில் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், நான் இங்கே தமிழ் எழுத்தே போட்டுக்கொள்கிறேன். அவன் நோட்டில் முதல் வரியே இப்படி இருந்தது:

அ² + 20அ − 2400 = 0

"அ-ங்கறது யாரு கண்ணு?"

"அகலந்தானுங்க அத்தை."

"அத எங்க எழுதியிருக்கற?"

எழுதவில்லை. மனசுக்குள் இருக்கிறதாம். சரி, மனசுக்குள் இருப்பதை இறக்கி வை என்றதும் வந்தது இது:

அகலம் = அ மீட்டர் என்க
நீளம் = அ + 20
அ(அ + 20) = 2400
அ² + 20அ − 2400 = 0
(அ + 60)(அ − 40) = 0
அ = −60 அல்லது அ = 40

மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு ஏன் போகிறோம்? 2400-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பூஜ்ஜியமாக்க வேண்டிய அவசியம் என்ன? "அப்படித்தானுங்க செய்யோணும்" என்றான். மகளும் அதையே சொன்னாள். இரண்டு எண்களைப் பெருக்கி 2400 வந்தால் அந்த எண்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. 40, 60 ஆக இருக்கலாம், 1, 2400 ஆகவும் இருக்கலாம். பெருக்கிப் பூஜ்ஜியம் வந்தால் மட்டும் இரண்டில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இருந்தே தீர வேண்டும். அந்த ஒரு வசதிக்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளுகிறோம். இது தெரியாத பிள்ளை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் (அ − 3)(அ − 5) = 8 என்பதைப் பார்த்து அ − 3 = 8 என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும்.

−60-ஐயும் சும்மா அடித்துவிட்டுப் போகக் கூடாது. சமன்பாட்டைக் கேட்டால் −60-உம் சரியான விடைதான் என்று சொல்லும், போட்டுப் பார்த்தால் பொருந்தும். வேண்டாம் என்று சொல்வது தோட்டம். அகலம் குறை எண்ணாக இருக்காது என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

இதுவரை சரி. 60, 40 என்று எப்படிப் பிரிந்தது? பெருக்கினால் 2400, வித்தியாசம் 20. தடவித் தடவித்தான் கண்டுபிடித்தான். எண்கள் இப்படி ஒழுங்காகப் பிரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்குச் சூத்திரம் இருக்கிறது என்பான். அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் இருப்பது வர்க்கப்பூர்த்தி. அதைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு ஒரே காரணம்தான்: "கெழுவில் பாதியின் வர்க்கத்தை இருபுறமும் கூட்டுக" (கெழு என்றால் அ-வுக்கு முன்னால் நிற்கிற எண், இங்கே 20) என்று ஒரு வரி நடுவில் வானத்திலிருந்து விழுகிறது.

அந்த வரியைத் தோட்டத்தில் இறக்கினேன். ஒரு பக்கம் அ, இன்னொரு பக்கம் அ + 20. அதாவது அ-வுக்கு அ ஒரு சதுரம், அதை ஒட்டி 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டையை நீளவாக்கில் நடுவில் கீறி இரண்டு பத்தாக்கு. ஒன்று அங்கேயே இருக்கட்டும். இன்னொன்றைத் தூக்கிச் சதுரத்தின் அடியில் வை. இப்போது கிட்டத்தட்ட ஒரு பெரிய சதுரம், பக்கம் அ + 10. ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலை எவ்வளவு? பத்துக்குப் பத்து, 100. நிரப்பு. 2400-உம் 100-உம் சேர்ந்து 2500. பெரிய சதுரத்தின் பக்கம் 50, அப்படியானால் அ = 40. தடவவே வேண்டியதில்லை.

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இப்படித்தான் செய்திருக்கிறார். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, கூட்டினால் 64. பக்கம் 8, ஐந்தைக் கழித்தால் 3. சதுரம் வரைந்து, காலி மூலையை நிரப்பிக் காட்டியிருக்கிறார். இன்னொரு மூலமான −13-ஐ அவர் கண்டுகொள்ளவே இல்லை. அவருக்கு மூலம் என்றால் நீளம், நீளம் குறை எண்ணாக இருக்காது.

வடிவியலில்தான் பிள்ளைகள் நிஜமாகவே தடுமாறுகிறார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவதும் அங்கேதான். மகள் கொண்டுவந்த கணக்கு: க ச த ஓர் இருசமபக்க முக்கோணம், கச = கத. அடிப்பக்கம் சத-வில் எங்கேயோ ஒரு புள்ளி ப. கச² − கப² = சப × பத என்று நிரூபிக்க வேண்டும். (கப, சப, பத என்று படிக்கப் படிக்க அண்ணன் மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனை வாழைப்பழம் கொண்டுவர அனுப்பிவிட்டு ஆரம்பித்தோம்.)

மகள் செய்தது எல்லாரும் செய்வது. மேலேயிருந்து ஆரம்பித்தாள். கச = கத, ஆகவே கோணம் ச = கோணம் த. சரி, அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. தெரிந்ததிலிருந்து கிளம்பினால் பத்துத் தடம் பிரியும், எதில் போவது?

"கடைசி வரியப் பாரு" என்றேன். "அதுல என்ன இருக்குது?"

"வர்க்கம் இருக்குது."

"வர்க்கம்னா உனக்கு எந்தத் தேற்றம் ஞாபகம் வருது?"

"பிதாகரஸ்."

"பிதாகரஸுக்கு என்ன வேணும்?"

"செங்கோணம்." கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "இதுல செங்கோணமே இல்லையேம்மா."

இந்த "இல்லையே" வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. இல்லை என்றால் உண்டாக்க வேண்டியதுதான். கச, கப இரண்டுமே க-விலிருந்து கிளம்புகின்றன, இரண்டும் கர்ணமாக வர வேண்டும், அப்படியானால் க-விலிருந்து கீழே ஒரு செங்குத்து விழுந்தால் ஒரே கோடு இரண்டு முக்கோணத்துக்கும் உதவும். கைடில் முதல் வரியாக நிற்கிற அந்தக் கோடு, யோசிக்கிறவளுக்கு இங்கே, இத்தனை பேச்சுக்கு அப்புறம்தான் வருகிறது. செங்குத்து விழும் இடத்தை ம என்று வைத்துக்கொண்டாள். ப, ச-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொண்டோம்.

கச² = கம² + சம² (பிதாகரஸ்)
கப² = கம² + பம² (பிதாகரஸ்)
கச² − கப² = சம² − பம² (கழித்தல்)
= (சம − பம)(சம + பம)

நான்காவது வரியை அவளே எழுதினாள், எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். எட்டாவதிலேயே படித்த வர்க்க வித்தியாசம் முக்கோணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சம − பம என்பது படத்தில் சப. சம + பம? இருசமபக்க முக்கோணத்தில் உச்சியிலிருந்து விழும் செங்குத்து அடிப்பக்கத்தைச் சரிபாதியாக வெட்டும், அதனால் சம = மத. ஆகவே சம + பம = மத + பம = பத. கச = கத என்று கேள்வியில் கொடுத்தது இந்தக் கடைசி வரிக்காகத்தான். அதுவரை அந்தத் தகவல் பையிலேயே கிடந்தது. கொடுத்த தகவல் எல்லாம் செலவாகிவிட்டதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஒன்று மிச்சம் இருந்தால் எங்கேயோ எதையோ தாண்டிக் குதித்திருக்கிறோம்.

நிரூபணக் கணக்காகவே இருந்தாலும் எண் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கச = கத = 10, சத = 12 என்றால் சம = 6, கம = 8. ப-வை ச-விலிருந்து 4 தள்ளி வை, பம = 2. கப² = 64 + 4 = 68. 100 − 68 = 32. சப × பத = 4 × 8 = 32. இது நிரூபணம் ஆகாது, பரீட்சையில் எழுதினால் மார்க்கும் வராது. ஆனால் தூக்கம் வரும்.

ப, ம-வுக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன ஆகும், ம-வின் மேலேயே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அவளிடமே விட்டுவிட்டேன். இரண்டும் இரண்டு வரிக் கணக்கு.

பழத்தோடு வந்த அண்ணன் மகன் இதையெல்லாம் பார்த்துவிட்டு அவனுடைய வழக்கமான வாதத்தை எடுத்தான். "ராமானுஜன் ஸ்டெப்பே எழுத மாட்டாராமுங்க அத்தை." இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமானுஜன் மேல் ஒரு தனி உரிமை. 1887 டிசம்பர் 22 அன்று அவர் பிறந்தது ஈரோட்டில். எங்களுக்கு ரயிலில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற ஊர். வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணம் என்பதை எங்கள் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அவன் சொன்னதில் பாதி நிஜம். அவருடைய நோட்டுகளில் முடிவுகள்தான் வரிசையாக இருக்கும், நிரூபணம் அனேகமாக இருக்காது. ஆனால் ஸ்டெப் போடாமல் இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். 1913-இல் அவர் கடிதம் எழுதியபோது கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி முதல் பதிலிலேயே நிரூபணங்களைக் கேட்டார். அந்த நோட்டுகளில் இருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளுக்கு ஒவ்வொன்றாக நிரூபணம் சேர்த்து ப்ரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1985-இலிருந்து 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். "உன்ற பேப்பரத் திருத்தற வாத்தியாருக்கு அத்தன வருசம் லீவு குடுக்க மாட்டாங்க சாமி" என்றேன். அதோடு அந்த வாதம் முடிந்தது, அடுத்த வாரம் வரைக்கும்.

போனில் கணக்கைப் படம் பிடித்தால் வரிவரியாக விடை கொட்டுகிற வசதி இப்போது இருக்கிறது. நான் தடுப்பதில்லை. இயற்கணிதத்தில் அது உதவியும் செய்கிறது, எந்த வரியில் குறி மாறிப்போனது என்று பார்க்கலாம். ஆனால் அதுவும் கைடு மாதிரி முடிந்த வரிசையைத்தான் காட்டுகிறது, யோசித்த வரிசையை இல்லை. அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். போனை எடுப்பதற்கு முன்னால் நோட்டில் "எனக்கு என்ன இருந்தால் இது முடியும்" என்பதற்குப் பதிலாக ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். மகள் எழுதுகிறாள். எதிர்வீட்டுப் பையன் "விடை இருந்தால் முடியும்" என்று எழுதினான்.

அண்ணன் மகனுக்கு அப்போது ஹெரோன் சூத்திரம் நடந்துகொண்டிருந்தது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணத்தின் பரப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனுடைய தோட்டத்துக்குப் போயிருந்தபோது நோட்டோடு வந்தான். பக்கத்தில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். இவனுக்கு அப்பாரு, என் மகளுக்கு அப்புச்சி. நிலம் வாங்கி விற்கிறவர்கள் நாலு பக்கத்தையும் டேப் பிடித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிப் பரப்பு சொல்வதை அவர் எத்தனையோ முறை பார்த்தவர். சரி, அதையே கணக்காக்கினோம். ஒரு காடு, அதாவது ஒரு துண்டு நிலம், பக்கங்கள் 130, 140, 130, 140 அடி.

புரோக்கர் கணக்குப்படி 130 × 140 = 18,200 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஆகவே ஏறக்குறைய 41.8 செண்ட்.

"இது சரியா?" என்று கேட்டேன். செவ்வகமாக இருந்தால் சரி என்றான் பையன். செவ்வகம்தான் என்று யார் சொன்னது? கயிற்றுக் கட்டிலின் நாலு சட்டமும் அதே நீளத்தில் இருக்க, கட்டில் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வதில்லையா? நாலு பக்கத்தின் நீளம் தெரிந்தாலும் வடிவம் தெரியாது. கோணக் கோணப் பரப்பு குறைந்துகொண்டே வரும். 18,200 என்பது அதற்கு வரக்கூடிய அதிகபட்சம். 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்தச் சராசரிக் கணக்கைத் தோராயம் என்றே சொல்லி வைத்திருக்கிறார்.

"அப்பறம் என்ன வேணும்?"

"முக்கோணம் வேணுமுங்க. மூணு பக்கம் தெரிஞ்சா அது கோணாது." அவனே சொன்னான், பக்கத்தில் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. "குறுக்க ஒரு கோடு போட்டாச் சரியாப் போயிரும்."

குறுக்கே அளந்தால் 150 அடி என்று வைத்துக்கொண்டோம். முக்கோணத்தின் பக்கங்கள் 130, 140, 150. சுற்றளவில் பாதி 210. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 80, 70, 60. 210 × 80 × 70 × 60 = 7,05,60,000. அதன் வர்க்கமூலம் 8,400. இரண்டு முக்கோணமும் சர்வசமம், ஆகவே மொத்தம் 16,800 சதுர அடி. செண்ட்டில் 38.6-க்குச் சற்றுக் குறைவு. மூன்று செண்ட்டுக்கு மேல் காணாமல் போய்விட்டது.

சர்வேயரின் எஃப்.எம்.பி. படத்தில் (நில அளவைப் புத்தகத்தில் இருக்கும் நிலத்தின் வரைபடம்) நிலத்துக்குள் குறுக்குக் கோடுகள் ஓடுவதை அப்பா பார்த்திருக்கிறார். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, எல்லை வளைகிற இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளவு எடுத்திருப்பார்கள். நிலத்தில் அப்படி எந்தக் கோடும் கிடையாது, அளப்பதற்காக இவர்கள் போட்டுக்கொண்டது. பையன் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் அண்ணன் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா இரண்டு கணக்கையும் நோட்டில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேரனிடம் சொன்னார்: "ரண்டையும் எழுதி வெச்சுக்க சாமி. வாங்கறப்ப உங்க அத்தை கணக்கு. விக்கறப்ப புரோக்கர் கணக்கு."